பனியில் சறுக்கும் பலகை!

பொதட்டூர்பேட்டையில் மார்கழிப் பனி புல் நுனியில்தான் நிற்கும். காஷ்மீரத்துக் குல்மார்க்கிலோ இடுப்பளவு குவியும்!

அங்கே ஒரே பலகையில் இரு கால்களையும் பூட்டிக்கொண்டு மலைச்சரிவில் சறுக்குகிறார்கள். "ஸ்னோபோர்டு" என்பது அதன் பெயர்.

முதல் பாடம்

முதலில் விழப் பழக வேண்டும்! கையை ஊன்றினால் மணிக்கட்டு ஒடியும். விரல்களை மடக்கி, முன்கையால் தாங்கி விழ வேண்டும். சிறு மேட்டில் பழகுவது நல்லது.

போவது எப்படி?

விமானத்தில் ஸ்ரீநகர் போகலாம். அங்கிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். ஜனவரி, பிப்ரவரி ஏற்ற மாதங்கள். உயரம் சுமார் 8,700 அடி. ஆகவே முதல் நாள் ஓய்வு தேவை.

எச்சரிக்கை!

மேலே அபர்வத் மலையில் ஆபத்து உண்டு. 2023 பிப்ரவரியில் பனிச்சரிவில் சிக்கிப் போலந்து நாட்டவர் இருவர் இறந்தனர். வழிகாட்டி "வேண்டாம்" என்றால் திரும்பிவிட வேண்டும்.

உயிர் இருந்தால் அடுத்த ஆண்டும் சறுக்கலாம்!