விகடன் தளம் மூடிக்கிடந்த நாட்கள்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறைகளுக்கு இடையே இப்போது ஜன்னலற்ற உயர்ந்த கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. கடலடிக் கேபிள்கள் சென்னைக் கரையில் கொண்டுவந்து சேர்க்கும் உலகச் செய்திகளை ஏந்தி, அல்லும் பகலும் உழைக்கும் தரவு மையங்கள் அவை. இத்தனை வசதி வாசலிலேயே இருந்தும், 2025 பிப்ரவரி 15-ஆம் தேதி மாலைக்குப் பின் விகடன் இணையதளத்தை நாடிய வாசகர் பலருக்கு, அம்பத்தூரானாலும் ஆவடியானாலும், பக்கம் திறக்கவில்லை.

காரணம் ஒரு கேலிச்சித்திரம். அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிடப்பட்டு ராணுவ விமானத்தில் திருப்பியனுப்பப்பட்ட சமயத்தில், அதிபர் டிரம்பின் அருகே பிரதமர் மோடி விலங்குடன் அமர்ந்திருப்பதாக வரைந்து விகடன் பிளஸ் இதழ் பிப்ரவரி 10 அன்று வெளியிட்டிருந்தது. அப்போதைய தமிழக பா.ஜ.க. தலைவர் அண்ணாமலை புகார் செய்தார், தளம் முடங்கியது. ஒரு சித்திரத்தின்மேல் ஆக்ஷேபம் எழுந்தால் அந்தச் சித்திரத்தைக் குறித்து விசாரிப்பதே நியாயமாயிருக்க, சமையற்குறிப்பு முதல் சிறுகதை வரை அனைத்தையும் தாங்கிய தளம் முழுவதையும் பூட்டியதை என் மனம் இன்றளவும் ஒப்பவில்லை. 1987-இல் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தபோதாவது, தண்டித்தவர் யார், குற்றம் எது என்பது பகிரங்கமாக இருந்தது. ஜனங்களும் பத்திரிகைகளும் கண்டித்தபின் சில தினங்களில் அவர் விடுதலையானார்.

2025-இல் வந்த தடைக்கு ஆதாரம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவு. சர்க்காரின் உத்தரவு இணையச் சேவை நிறுவனங்களுக்குச் செல்கிறது. நிறைவேற்றும் விதமோ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், ஒரே வீட்டில் கேபிள்காரர் கொடுத்த வைஃபையில் திறவாத பக்கம் செல்போன் சிம்மில் திறப்பதும் உண்டு. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் பெயரேட்டில் பொய்யான விடை தருவது ஒரு முறை. மற்றொன்று நுட்பமானது: கடிதம் ஒட்டிய உறைக்குள் பத்திரமாக இருந்தாலும் உறைமேல் விலாசம் தெரிவதுபோல, இணைப்பு தொடங்கும் கணத்தில் தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே செல்கிறது, அதைக் கண்டதும் நிறுவனத்தின் கருவி இணைப்பை அறுத்துவிடுகிறது.

இத்தடையைக் கடக்க உதவும் வி.பி.என். என்பது அந்த உறையை வேறு விலாசமிட்ட உறைக்குள் இட்டு, எல்லைக்கு அப்பால் பிரிக்கச் செய்வது. ஆயினும், வாடிக்கையாளரின் பெயர் முகவரிகளை ஐந்தாண்டு பாதுகாக்குமாறு மத்திய சர்க்காரின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட, அதற்கு இணங்க மனமில்லாத நிறுவனங்கள் சில தம் சர்வர்களை இந்தியாவிலிருந்து அகற்றின. இணையத் தடைகளைத் தாண்ட உதவும் டோர் திட்டத்தின் ஸ்னோஃப்ளேக் இன்னும் அழகிய ஏற்பாடு. தடையில்லாத ஊரில் இருப்பவர் தம் பிரவுசரில் ஒரு சிறு நீட்சியைச் சேர்த்துக்கொண்டால், 2022-இல் ஈரானில் நேர்ந்ததுபோல வாசல்கள் அடைபட்ட தேசத்தவருக்கு அவருடைய கணினி இடைவழியாகிறது. காவலர் கண்ணுக்கு அது வீடியோ உரையாடல் போலத் தோன்றும். பூந்தமல்லியில் ஒரு மாணவி இரவில் கணினியை அணைக்காமல் வைத்து, முகமறியாத ஒருவருக்கு இவ்வுபகாரத்தைச் செய்துவிட முடியும் என்பதை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

அடியோடு இணைப்பையே துண்டித்துவிட்டால் இவ்வுபாயங்கள் எவையும் பலிக்கா. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்பாளர்மீது துப்பாக்கிச்சூடு நடந்து, 13 உயிர்கள் மாய்ந்த துயரத்தின் மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று ஜில்லாக்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது. உறவினரின் நிலை அறிய வேண்டிய வேளையிலேயே அந்த வழி அடைபட்டது.

விகடன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 6 அன்று, அச்சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கும்படியும் தளத்தைத் திறந்துவிடும்படியும் பணித்தது. முதல் நாளே இவ்வளவோடு நின்றிருக்கலாமே! காஷ்மீர் இணையத் துண்டிப்பு பற்றிய அனுராதா பசின் வழக்கில், இணைப்பை நிறுத்தும் உத்தரவுகள் பிரசுரிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியிலேயே தீர்ப்பளித்திருக்க, தளங்களை மூடுவதற்கான 2009-ஆம் ஆண்டு விதிகளோ ரகசியத்தையே வற்புறுத்துகின்றன. அவற்றில் ரகசியம் கோரும் பதினாறாம் விதியை நீக்கி, மூடிய பக்கத்தின் மேலேயே உத்தரவு எண்ணையும் காரணத்தையும் முறையிட வேண்டிய அதிகாரியின் பதவியையும் தமிழில் அச்சிடச் செய்ய வேண்டும்.