நான்கு பலகைகளும் ஓர் அணியும்

44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடைபெற்றது. இந்தியாவின் இரண்டாம் அணியில் முதல் பலகையில் அமர்ந்தவர் பதினாறு வயது நிரம்பிய குகேஷ். தொடக்கச் சுற்றிலிருந்து எட்டாம் சுற்று வரை அவர் ஓர் ஆட்டத்தையும் இழக்கவில்லை. சமன் கூடச் செய்யவில்லை. எட்டும் வெற்றி. ஆயினும் ஆறாம் சுற்றில் அந்த அணி அர்மீனியாவிடம் 1½–2½ என்னும் கணக்கில் தோற்றது. அன்றும் குகேஷ் தம் ஆட்டத்தை வென்றே இருந்தார்.

வென்றவர் தோற்ற அணியில் இருப்பது எவ்வாறு? தனிநபர் சதுரங்கம் மட்டுமே அறிந்தவருக்கு இது வியப்பளிக்கும். கால்பந்திலோ கபடியிலோ ஒருவர் தளர்ந்தால் அருகிலிருப்பவர் ஓடிவந்து தாங்கலாம். சதுரங்கத்தில் அது இயலாது. தோழர் தவறான நகர்த்தலுக்குக் கை நீட்டுவதைக் கண்டாலும் பக்கத்துப் பலகையில் இருப்பவர் வாய் திறத்தல் கூடாது. தனித்தனியே சிந்திக்கும் நால்வரை ஓர் அணியாக இணைப்பது போட்டியின் விதிகள் மட்டுமே. அவ்விதிகள் சரியாக அமையவில்லையெனில் அணிப்போட்டி என்பது ஒரே கூடத்தில் நடைபெறும் நான்கு தனி ஆட்டங்களாகச் சுருங்கிவிடும். சில வேளைகளில் அதனினும் கீழாகச் சூழ்ச்சியாகவும் திரிந்துவிடும்.

ஒரு மாவட்டத்தில் பன்னிரண்டு பள்ளிகள் பங்கேற்கும் அணிப்போட்டியை நடத்தும் பொறுப்பு நம்மிடம் தரப்பட்டதாகக் கொள்வோம். எங்கிருந்து தொடங்குவது?

அணியும் வரிசையும்

ஓர் அணி மற்றோர் அணியுடன் பொருதுவதை இங்கு மோதல் என்போம்; ஒரு பலகையில் இருவர் ஆடுவதை ஆட்டம் என்போம். நான்கு ஆட்டங்கள் சேர்ந்தது ஒரு மோதல். ஒலிம்பியாட்டில் ஓர் அணிக்கு ஐவர். ஒவ்வொரு சுற்றிலும் நால்வர் ஆடுவர், ஒருவர் ஓய்வெடுப்பார். மாவட்டப் போட்டிக்கும் இவ்வமைப்பே பொருத்தமானது. காய்ச்சலால் ஒருவர் வர இயலாது போனாலும் பலகை வெறுமையாகாது.

ஐவரின் பெயர்களையும் போட்டி தொடங்குமுன் வரிசைப்படுத்தி நடுவரிடம் அளித்துவிட வேண்டும். அவ்வரிசை இறுதிச் சுற்று வரை மாறாது. இரண்டாமவர் ஓய்வெடுத்தால் மூன்றாமவர் இரண்டாம் பலகைக்கும், நான்காமவர் மூன்றாம் பலகைக்கும், ஐந்தாமவர் நான்காம் பலகைக்கும் முன்னேறுவர். இரண்டாமவரின் இடத்தில் ஐந்தாமவரை நேரே அமர்த்த இயலாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? விதி இல்லாத இடத்தில் என்ன நிகழும் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒரு பள்ளி, தன் அணியில் மிகவும் வலுக்குறைந்த மாணவனை முதல் பலகையில் அமர்த்துகிறது. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரர் அவனை எளிதில் வெல்வார். ஆனால் முதல் பலகைக்குரிய திறன்மிக்கவர் இரண்டாம் பலகைக்கும், இரண்டாமவர் மூன்றாம் பலகைக்கும், மூன்றாமவர் நான்காம் பலகைக்கும் இறங்கியிருப்பர். அவர்கள் ஒவ்வொருவரும் தம்மினும் வலுக்குறைந்தவரையே எதிர்கொள்வர். ஓர் ஆட்டத்தைக் கொடுத்து மூன்றைப் பெறும் கணக்கு இது. கணக்கு சரியாக இருக்கலாம். எனினும் சுற்றுதோறும் தோற்பதற்கென்றே முன்வரிசையில் அமர்த்தப்படும் அந்த மாணவனை நினைத்துப் பாருங்கள். அவன் ஆடவரவில்லை, பலியிடப்படுகிறான். எதிரே அமர்ந்த சிறந்த மாணவனுக்கும் அன்று உண்மையான ஆட்டம் கிடைப்பதில்லை.

ஆகவேதான் வட்டார அளவிலான லீக் போட்டிகள் பலவற்றில் இன்னுமொரு விதியைச் சேர்க்கின்றனர். தரப்புள்ளி வேறுபாடு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், மிகுதியான தரப்புள்ளி உடையவரைக் குறைந்தவருக்குக் கீழே அமர்த்தக் கூடாது என்பது அவ்விதி. இடைவெளி சிறிதாயின் விருப்பம்போல் அமர்த்தலாம். இந்நெகிழ்ச்சி வேண்டியதே. 2024ஆம் ஆண்டு புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் இந்திய அணியில் மிகுதியான தரப்புள்ளி கொண்டிருந்த அர்ஜுன் எரிகைசி மூன்றாம் பலகையில் ஆடினார். முதல் பலகையில் குகேஷ், இரண்டாவதில் பிரக்ஞானந்தா. அர்ஜுன் 11 ஆட்டங்களில் 10 புள்ளிகள் பெற்றார். அணியும் தங்கம் வென்றது. மூவரும் ஏறத்தாழ ஒத்த வலிமையினர். யார் எவரை எதிர்கொள்ளலாம் என்று அணி வகுத்த திட்டம் அது. அதை எவரும் குறை கூற இயலாது. திட்டத்திற்கும் சூழ்ச்சிக்கும் நடுவே எல்லையை வரைவதுதான் விதி வகுப்போரின் வேலை. எல்லை எங்கே என்பது போட்டி தொடங்குமுன் அனைவருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும்.

யார் எந்த அணிக்கு ஆடலாம் என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். பள்ளிப் போட்டியாயின் அப்பள்ளியில் பயில்வோர் மட்டும். மன்றங்களுக்கான போட்டியாயின் ஒருவர் ஒரு மன்றத்திற்கு மட்டும். அணியாகச் செல்வதற்குப் பொருளும் வேண்டும்; ஐவரின் பயணமும் உணவும் தங்குமிடமும் சிறு செலவல்ல. 1983ஆம் ஆண்டு தேசிய அணிச் சதுரங்கப் போட்டியில் பங்கேற்ற ‘சென்னை கோல்ட்ஸ்’ என்னும் அணியில் இளம் விசுவநாதன் ஆனந்த் இடம்பெற்றிருந்தார். அவ்வணிக்குப் பொருளுதவி செய்தவர் பின்னணிப் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம். 2020இல் அவர் மறைந்தபோது ஆனந்த் இதனை நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

சுற்றுகளும் நிறங்களும்

பன்னிரண்டு அணிகளும் ஒன்றோடொன்று மோத வேண்டுமெனில் 11 சுற்றுகள், 66 மோதல்கள் ஆகும். சனி, ஞாயிறு இரண்டே நாள்களில் இது முடியாது. எனவே சுவிஸ் முறை கைகொடுக்கும். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் 1895இல் கையாளப்பட்டதால் இப்பெயர் பெற்ற இம்முறையில், ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒத்த புள்ளிகள் கொண்ட அணிகள் இணைக்கப்படும். ஒருமுறை மோதிய அணிகள் மீண்டும் மோதா. 1927இல் இலண்டனில் நடந்த முதல் ஒலிம்பியாட்டில் 16 அணிகளே இருந்தமையால் அனைவரும் அனைவருடனும் ஆடினர். மாமல்லபுரத்தில் 180க்கும் மேற்பட்ட அணிகள் 11 சுற்றுகளில் போட்டியை முடித்தது சுவிஸ் முறையால்தான். நமக்கு ஐந்து சுற்றுகள் போதும்.

அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக அமைந்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி ஆடாமல் காத்திருக்க நேரும். அதனைத் தவிர்க்கவே மாமல்லபுரத்தில் போட்டியை நடத்திய இந்தியா மூன்றாவது அணியையும் களமிறக்கியது. நம் போட்டியிலும் கடைசி நேரத்தில் ஒரு பள்ளி வராது போனால், நடத்தும் பள்ளியே இரண்டாம் அணியொன்றை ஆயத்தமாக வைத்திருக்கலாம்.

ஒரு மோதலில் முதலாவதாகக் குறிக்கப்பட்ட அணி 1, 3ஆம் பலகைகளில் வெள்ளைக் காய்களையும், 2, 4ஆம் பலகைகளில் கறுப்புக் காய்களையும் பெறும். ஆறு மோதல்களுக்கு 24 பலகைகள், 24 கடிகாரங்கள் தேவை. ஒவ்வொருவருக்கும் 25 நிமிடமும் நகர்த்தலுக்கு 10 விநாடிக் கூடுதலும் அளித்தால், 60 நகர்த்தல் கொண்ட ஆட்டம் 70 நிமிடத்திற்குள் முடிந்துவிடும். நாளொன்றுக்கு மூன்று சுற்றுகளைத் தாராளமாக நடத்தலாம். எத்தனை நிமிடம் தாமதமாக வந்தால் ஆட்டம் இழக்கப்படும் என்பதையும் எழுதியே வைக்க வேண்டும். பேருந்து தாமதமான பிறகு இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வாக்குவாதந்தான் மிஞ்சும்.

அணித்தலைவரின் நாவடக்கம்

அணித்தலைவர் ஆடாதவராகவும் இருக்கலாம். பெரும்பாலும் பயிற்றுநரே அப்பொறுப்பை ஏற்பார். ஆட்டம் தொடங்கியபின் அவர் பேசக்கூடியது மிகக் குறைவு. தம் அணியினரிடம் ‘சமன் செய்யக் கேள்’, ‘சமனை ஏற்றுக்கொள்’, ‘தோல்வியை ஒப்புக்கொள்’ என்று கூறலாம். எதிராளி சமன் கோருகையில் ஏற்கலாமா என்று ஆட்டக்காரர் கேட்டால், ‘ஆம்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்லலாம். ‘உன் விருப்பம்’ என்று அவரிடமே விட்டுவிடலாம். அவ்வளவே. ‘உன் குதிரையைக் கவனி’ என்று ஒரு சொல் உதிர்த்தாலும் அது விதிமீறல். புருவத்தை உயர்த்துவதும் தலையசைப்பதும் அதில் அடங்கும்.

இவ்விதியின் நுட்பம் இதுதான். அணித்தலைவர் மோதலின் நிலையைக் கருதிப் பேசலாம். பலகையின் நிலையைக் கருதிப் பேசலாகாது. அணி 2–1 என முன்னணியில் இருக்கையில் நான்காம் பலகையில் சமன் கிடைத்தாலே வெற்றி உறுதி. அதை எடுத்துரைப்பது தலைவரின் கடமை. வெல்லும் வாய்ப்புள்ள ஆட்டத்தை அணிக்காகச் சமனாக முடித்துக்கொள்ளும் மாணவியின் தனிப்புள்ளி அரையாகக் குறையும். அணி என்னும் சொல்லுக்குச் சதுரங்கத்தில் பொருள் கிடைக்கும் இடம் அது.

எதனை எண்ணுவது?

நான்கு ஆட்டங்களில் பெற்ற புள்ளிகளைக் கூட்டினால் ஆட்டப்புள்ளி. மோதலை வென்றால் 2, சமனாயின் 1, தோற்றால் 0 என வழங்குவது மோதல் புள்ளி. இவற்றுள் எதனால் வெற்றியாளரைத் தீர்மானிப்பது? ஒலிம்பியாட்டில் நெடுங்காலம் ஆட்டப்புள்ளியே முதன்மை பெற்றிருந்தது. 2008இல் டிரெஸ்டன் நகரில் நடந்த ஒலிம்பியாட் முதல் மோதல் புள்ளி முதலிடம் பெற்றது.

வேறுபாட்டை ஒரு கணக்கால் காணலாம். முதல் அணி மூன்று மோதல்களில் முறையே 4, 1½, 1½ ஆட்டப்புள்ளிகள் பெறுகிறது, மொத்தம் 7. இரண்டாம் அணி 2½, 2½, 1½ பெறுகிறது, மொத்தம் 6½. ஆட்டப்புள்ளியை எண்ணினால் முதல் அணியே முன்னிற்கும். ஆனால் அது வென்றது ஒரே மோதல். இரண்டாம் அணி வென்றவை இரண்டு. மோதல் புள்ளியில் இரண்டாம் அணி 4–2 என முந்துகிறது. வலுவற்ற ஓர் அணியை 4–0 என நொறுக்கியது பெரிதா, இணையான இரு அணிகளைப் போராடி வென்றது பெரிதா? என் கருத்து பின்னதன் பக்கமே. பள்ளிப் போட்டியில் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. முதன்முறையாகப் பங்கேற்கும் சிற்றூர்ப் பள்ளியின் மீது நான்கு புள்ளிகளையும் குவித்தே தீர வேண்டும் என்னும் நெருக்கடி எந்த அணிக்கும் வேண்டியதில்லை.

மோதல் புள்ளியிலும் இரு அணிகள் ஒத்து நின்றால்? மாமல்லபுரத்தில் பொதுப்பிரிவில் உஸ்பெகிஸ்தானும் அர்மீனியாவும் தலா 19 புள்ளிகள் பெற்றன. மகளிர் பிரிவில் உக்ரைனும் ஜார்ஜியாவும் தலா 18. இரு தங்கங்களும் சமன்முறிப்புக் கணக்காலேயே முடிவாயின. ஒலிம்பியாட்டில் கையாளப்படும் கணக்கில், எதிரணி ஒன்று போட்டி முழுவதும் பெற்ற மோதல் புள்ளியை, அதற்கு எதிராக நாம் பெற்ற ஆட்டப்புள்ளியால் பெருக்குவர். இவ்வாறு வரும் தொகைகளைக் கூட்டுவர். மிகக் குறைந்த புள்ளி பெற்ற எதிரணியை மட்டும் விட்டுவிடுவர். 10 மோதல் புள்ளி பெற்ற அணிக்கு எதிராக 3 ஆட்டப்புள்ளி பெற்றால் 30. 4 மோதல் புள்ளி மட்டுமே பெற்ற அணியை 4–0 என வென்றாலும் 16தான்.

ஒரு மோதலின் இழப்பு எவ்வளவு பெரிது என்பதற்கும் மாமல்லபுரமே சான்று. மகளிர் பிரிவில் இந்தியாவின் முதல் அணி இறுதிச் சுற்றுக்குத் தனி முன்னணியுடன் சென்றது. அச்சுற்றில் அமெரிக்காவிடம் 1–3 எனத் தோற்று வெண்கலம் பெற்றது. குகேஷ் ஆடிய இரண்டாம் அணி பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானைச் சந்தித்தது. அன்று முதல் பலகையில் குகேஷ் அப்துசத்தோரோவிடம் வீழ்ந்தார். போட்டியில் அவர் இழந்த ஒரே ஆட்டம் அது. மூன்றாம் பலகையில் பிரக்ஞானந்தா வென்றதால் மோதல் 2–2 எனச் சமனாயிற்று. ஆறாம் சுற்றில் குகேஷின் வெற்றி அணியைக் காக்க இயலவில்லை. பத்தாம் சுற்றில் அவருடைய தோல்வியைத் தோழரின் வெற்றி ஈடுசெய்தது. இறுதிச் சுற்றில் ஜெர்மனியை 3–1 என வென்ற அவ்வணி வெண்கலம் பெற்றது. முதல் பலகைக்கான தனிநபர் தங்கம் குகேஷுக்குக் கிடைத்தது.

நம் மாவட்டப் போட்டியில் ஒவ்வொரு மோதல் முடிந்ததும் இரு அணித்தலைவர்களும் முடிவுத்தாளில் நான்கு பலகைகளின் முடிவையும் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். நடுவரின் தீர்ப்பை ஏற்க இயலாதவர் அடுத்த சுற்றின் இணைகள் அறிவிக்கப்படுமுன் மேல்முறையீட்டுக் குழுவிடம் எழுத்தில் முறையிடலாம். அக்குழுவில் ஐவர் இருப்பின், முறையிடும் பள்ளியையோ எதிர்ப் பள்ளியையோ சேர்ந்தவர் விலகிய பின்னும் மூவர் எஞ்சுவர்.