வீட்டிலேயே ஒரு பேச்சு நிலையம்

கடலூரில் என் பேரனும், சிதம்பரம் சென்றுவிட்ட அவன் அத்தை மகனும் கணினியில் சேர்ந்து விளையாடுவார்கள். இடையே பேசிக்கொள்ளவும் வேண்டுமாம். பேச்சு வழியில் மறைந்து சென்றாலும், அதை வாங்கி வழங்கும் சர்வரில் அவிழும். ஆகவே அந்தச் சர்வர் யாருடையது என்பது முக்கியம். நம் வீட்டிலேயே வைப்போம் என்றேன்.

2005-இல் தோன்றிய மம்பிள் என்னும் இலவச மென்பொருளுக்குப் பழைய கணினியே போதுமானதாயிற்று. தொல்லை வேறிடத்தில் இருந்தது. சர்வர் 64738 என்ற எண்ணுள்ள வாயிலில் காத்திருக்கும். ரவுட்டரில் அதைத் திறந்துவிட்டேன். சிதம்பரத்துப் பையனால் நுழைய முடியவில்லை. இரண்டு நாள் கழித்தே, ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 என்று தொடங்குவதைக் கவனித்தேன். முகவரிப் பஞ்சத்தால் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளிக்கும் இணையச் சேவையாளர், தமது உள்வட்டத்தில் வழங்கும் வரிசை அது. நேயர்களே, தெரு முழுவதற்கும் ஒரே கதவிலக்கம் என்றால் தபால்காரர் எந்த வீட்டைத் தட்டுவார்?

தனி முகவரிக்குக் கட்டணம் செலுத்தினேன், கடவுச்சொல்லும் வைத்தேன். வாயிலைத் திறந்தபின் பூட்டில்லாமல் விடலாகாது. அன்று மாலையே சிதம்பரத்துக் குரல் தெளிவாகக் கேட்டது. இப்பொழுது விளையாட்டு முடிந்த பின்னும் இருவரும் பேசுகிறார்கள். பாடத்தைப் பற்றியா என்று நான் கேட்பதில்லை.