பழைய கட்டடத்தில் புதுக் குடித்தனம்

பத்துமலையில் கொம்யூட்டர் ரயிலேறி, கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால், நீலச் சாயம் பூசிய நீண்ட கட்டடம் ஒன்றைக் காணலாம். பசார் செனி என்கிறோமே, அதுதான். 1888இல் அங்கே மீனும் காய்கறியும் விற்கும் சந்தை தொடங்கியது. இப்போதுள்ள கட்டடம் 1937இல் எழுந்தது. 1980களின் தொடக்கத்தில் அதை இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோது, பழைமையைக் காக்க விரும்பியவர்கள் கூடாது என்று குரல் கொடுத்தார்கள். கட்டடம் பிழைத்தது. 1986 முதல் அங்கே கைவினைப் பொருள்கள் விற்பனையாகின்றன. மீன் வாடை போய்விட்டது, கட்டடம் நிற்கிறது.

வேலை ஓய்ந்த கட்டடத்தை இடிக்காமல் வேறொரு வேலைக்குப் பழக்குவது இப்படித்தான். இதைவிடப் பெரிய உதாரணம் லண்டனில் இருக்கிறது. அதில் நம் தோட்டத்துக் காசும் கலந்திருக்கிறது என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும்.

தேம்ஸ் நதிக்கரையில் உள்ளது பேட்டர்சீ மின்நிலையம். நிலக்கரியை எரித்து லண்டனுக்கு மின்சாரம் தந்த இடம். ஒரு பாதியை 1930களில் கட்டினார்கள், மறுபாதியைப் போருக்குப் பின்னரே கட்டி முடித்தார்கள். நான்கு மூலையிலும் நான்கு வெள்ளைப் புகைபோக்கிகள். தூரத்திலிருந்து பார்த்தால் மேசையைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும். 1983இல் அது மூடப்பட்டது. பிறகு கேளிக்கைப் பூங்கா அமைக்க வந்தவர்கள் கூரையைப் பிரித்தார்கள். பணம் தீர்ந்தது, போய்விட்டார்கள். கட்டடம் பல ஆண்டுகள் மழையில் நனைந்தது. இடித்துத் தள்ளவும் வழியில்லை. 1980இலேயே அதைப் பாதுகாக்கவேண்டிய கட்டடங்களின் பட்டியலில் ஏற்றியிருந்தார்கள்.

2012இல் சைம் டார்பி, எஸ்.பி. செத்தியா, ஊழியர் சேம நிதி வாரியம் ஆகிய மூன்றும் சேர்ந்து 40 கோடி பவுண்டுக்கு அதை வாங்கின. சைம் டார்பியைத் தோட்டத்து மக்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சேம நிதிக்கு 20 விழுக்காடு பங்கு. அந்த நிதி யாருடையது? பால் வெட்டுகிறவரும் செம்பனைக் குலை அறுக்கிறவரும் மாதாமாதம் சம்பளத்தில் 11 விழுக்காடு விட்டுக்கொடுத்துச் சேர்க்கும் பணமும் அதில்தான் இருக்கிறது. அது பெட்டியில் பூட்டிக் கிடப்பதில்லை. பல இடங்களில் முதலீடாகி, ஆண்டுதோறும் லாப ஈவாக நம் கணக்கில் ஏறுகிறது.

மின்நிலையத்தை வீடாக்குவது லேசான காரியமல்ல. வெளியே பார்த்தால் செங்கல் மலை. உள்ளே சுமை தாங்குவது எஃகுச் சட்டம். கொதிகலன் இருந்த கூடம் மாடிகளே இல்லாத வெறும் பள்ளம்போல இருந்தது. அதற்குள் தளம் தளமாக அமைத்து, வெளிச்சத்துக்கும் வழி செய்தார்கள். பழுதான செங்கல்லுக்கு ஈடாக, முன்பு கல் தந்த சூளைகளிலேயே 17 லட்சத்துக்கும் மேல் புதுக் கல் வாங்கினார்கள். புகைபோக்கிகளின் காங்கிரீட்டுக்குள் கம்பிகள் துருப்பிடித்திருந்தன. ஆகவே நான்கையும் பிரித்து, அதே அளவில், அதே உருவில் மறுபடி கட்டினார்கள். இப்போது ஒன்றுக்குள் லிப்ட் ஓடுகிறது!

2022 அக்டோபரில் கதவு திறந்தது. கட்டடத்தில் 254 வீடுகள், கடைகள். கொதிகலன் கூடத்தில் ஆப்பிள் கம்பெனியின் அலுவலகம். பழைய கருவிகள் நிறைந்த கட்டுப்பாட்டு அறைகள் இரண்டையும் துடைத்து அப்படியே வைத்திருக்கிறார்கள். இது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. உழைத்தவன் கைபட்ட பொருளைப் பேரப்பிள்ளை பார்க்க முடிகிறதல்லவா?

பிடிக்காத செய்தியும் உண்டு. அந்த வளாகம் முழுவதிலும் குறைந்த வருமானத்தாருக்கு ஏற்ற வீடுகள் 636 கட்டுவதாக முதலில் இருந்தது. செலவு கூடிவிட்டதென்று காரணம் காட்டி, 2017இல் அதை 386ஆகக் குறைக்க அனுமதி பெற்றார்கள். கட்டடத்துக்குச் சட்டக் காவல் இருந்தது. அந்த 250 குடும்பங்களுக்கு இல்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. இன்னும் லயத்தில் இருப்பவர்களிடம், வீடு தருகிறோம் என்று யாராவது வந்தால், எத்தனை வீடு, எந்த ஆண்டுக்குள், செலவு கூடினால் அந்த எண்ணிக்கை குறையுமா என்பதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும். பழைய ஸ்டோரை இடிக்கப்போகிறார்களா, வைத்துக்கொள்ளப்போகிறார்களா என்பதையும் அதே தாளில் கேட்கலாம்.