வீதி நீரூற்று: கண்ணுக்கா, தாகத்துக்கா?

மலையில் குடியிருக்கும் நமக்கு நீரூற்று ஒன்றும் புதுசில்லை. கோட்டயம் – குமுளி ரோட்டில் குட்டிக்கானத்துக்கு ஏறும் வழியில் வளஞ்ஞங்கானம் அருவி ரோட்டோரத்திலேயே கொட்டுகிறது. மலை தானே கட்டிக்கொடுத்த நீரூற்று அது. மலையில்லாத பட்டணங்களில் இதைக் கல்லாலும் குழாயாலும் செய்யவேண்டி வந்தது. வியாபார நிமித்தம் பம்பாய் போனபோது அங்கே கோட்டைப் பகுதியில் பார்த்த நீரூற்றுகளைப் பற்றி ஈண்டு எழுதுகிறேன்.

முதலில் இதன் தத்துவம். மேட்டிலுள்ள ஓடையில் ஹோஸ் போட்டு, கீழே முற்றத்தில் அதன் நுனியை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீச்சியடிக்கும் அல்லவா? அவ்வளவுதான் விஷயம். 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் தரும். குழாயின் உராய்வு கொஞ்சம் தின்றுவிடும். ஆகவே புறப்பட்ட உயரம் வரை எழாது.

பம்பாய்க்கு விஹார் ஏரித் தண்ணீர் குழாயில் வந்தது 1860இல். நான்கே ஆண்டில், 1864இல், ஃப்ளோரா நீரூற்று எழுந்தது. கவர்னர் பார்ட்டில் ஃபிரேர் நினைவாகத் திட்டமிட்டது. பைகுல்லா விக்டோரியா தோட்டத்துக்கென்று நினைத்து, பிறகு கோட்டையின் சர்ச் வாசல் இருந்த இடத்தில் நிறுத்தினார்கள். வடிவமைத்தவர் நார்மன் ஷா. சிலை வடித்தவர் ஜேம்ஸ் ஃபோர்சைத். இங்கிலாந்தின் போர்ட்லாண்ட் கல். உச்சியில் ரோமானியரின் பூத்தேவதை. பக்கத்துச் சதுக்கம் பிற்பாடு, சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் உயிரிழந்தவர்கள் நினைவாக ஹுதாத்மா சௌக் ஆயிற்று. நெடுநாள் வறண்டு கிடந்த நீரூற்று 2019இல் செப்பனிடப்பட்டது. அழகு, சந்தேகமே இல்லை. ஆனாலும் அது பார்க்க வைத்தது.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில், மிண்ட் ரோட்டில் இன்னொன்று உண்டு. என் கால் நின்றது அங்கேதான். பருத்தி வியாபாரி ரத்தன்சி மூல்ஜி, இறந்துபோன தம் மகன் தரம்சியின் நினைவாக 1894இல் வைத்த குடிநீர் ஊற்று. வடிவமைத்தவர் எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ், விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தைக் கட்டிய அதே ஆள். உச்சியில் தேவதை இல்லை, புத்தகம் படிக்கிற பையன். இத்தகையவற்றை அங்கே 'பியாவ்' என்கிறார்கள். மசூதி பந்தர் பக்கம் பாத் பஜாரில் கேசவ்ஜி நாயக் என்ற கட்ச் ஜைன வியாபாரி 1876இல் மணிக்கூண்டோடு சேர்த்து ஒன்று வைத்தார்.

நம்மிடமும் இந்த இரண்டு வகையும் இருந்தன. மணிமேகலைக் காப்பியத்தில் புகார் அரண்மனைச் சோலையில் எந்திரக் கிணறு வருகிறது. அது அரசனும் அரசியும் களிப்பதற்கு. வழிப்போக்கனுக்கு வாய்த்தது தண்ணீர்ப்பந்தல். திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் சொல்லும். நாவுக்கரசர் எங்கள் சமயத்தை விட்டுப் போனவர்தான். அதற்காக அந்தப் பந்தலின் புண்ணியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நீரையே உடம்பாகக் கொண்ட ஓரறிவுயிர் உண்டு என்பது அருகர் கொள்கை. ஆகவே தண்ணீரை வேடிக்கைக்குக் கொட்டுவது எங்களுக்கு மனசுக்கு ஒப்பாத காரியம். இப்போது மோட்டார் வைத்து, தொட்டித் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஏற்றுகிறார்கள்; ஆவியாவதும் தெறிப்பதும் மட்டும் நஷ்டம். அதனால் என் குறையில் பாதி தீர்ந்தது. மீதிப் பாதி, பக்கத்திலேயே நிற்கிற சுமைகூலிக்காரர் பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறாரே, அது.

நம்ம ஊர்ச் சந்திகளில் நீரூற்று வைக்கணும் என்று யாராவது பேச்செடுத்தால், ஒரு பக்கம் குடிநீர்க் குழாயும், கீழே ஆடுமாட்டுக்கு ஒரு தொட்டியும் கேட்டு வாங்கலாம். ஒன்று மட்டும் கவனம்: சுற்றிச் சுற்றி வருகிற தண்ணீர் குடிக்க ஆகாது. குடிநீர்க் குழாயைத் தனியாகத்தான் இழுக்க வேண்டும்.