கடைசிவரை கிக்கர்தான்

1975-இல் ஜப்பான் தன் ஓட்டுநர் உரிம விதிகளைத் திருத்தியது. 400 சிசியைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குத் தனித் தேர்வு. அதில் தேறுவது குதிரைக்கொம்பு. அதனால்தான் 1978-இல் எஸ்.ஆர். 500-ஐக் கொண்டுவந்த யமஹா, உள்ளூர்க்காரர்களுக்காகக் கூடவே எஸ்.ஆர். 400-ஐயும் இறக்கியது. இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் ஒன்றே: 87 மி.மீ. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை மட்டும் 84 மி.மீ.யிலிருந்து 67.2 ஆகக் குறைத்தார்கள். 499 சிசி எஞ்சின் 399 சிசி ஆகிவிட்டது.

எஞ்சினின் பூர்வீகம் எக்ஸ்.டி. 500. முதல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் சிரில் நெவ்யூவை வெல்ல வைத்த காட்டுவண்டி அது. ஹோண்டா ஆறு சிலிண்டர் வண்டியை விற்கத் தொடங்கிய அதே ஆண்டில், யமஹா காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டரை நம்பியது. பெரிய துணிச்சல் என்றே சொல்வேன்.

செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. பெரிய ஒற்றை பிஸ்டன் தவறான இடத்தில் நிற்கும்போது உதைத்தால், கிக்கர் திருப்பி அடித்துக் காலைப் பதம் பார்த்துவிடும். அதற்கு யமஹா கண்ட வழி அழகானது. சிலிண்டர் தலையின் வலப்பக்கம் சின்னக் கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. இடக்கையால் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்தபடி கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். ஜன்னலில் வெள்ளிக்குறி தெரிந்தால், பிஸ்டன் உச்சியைச் சற்றே கடந்துவிட்டது என்று பொருள். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஒரே முழு உதை. பிஸ்டன் அடுத்த அழுத்தத்தை எட்டுவதற்குள் போதிய வேகம் பிடித்துவிடும். பலம் இரண்டாம் பட்சம், பக்குவம்தான் முக்கியம். புல்லட்டை ஆம்பியர் முள் பார்த்து உதைத்துப் பழகியவர்களுக்கு இது சட்டெனப் பிடிபடும்.

ஆயிலுக்குத் தனி டாங்க் இல்லை; சேசிஸ் குழாய்க்குள்ளேயே அது நிற்கும். 1985-இல் முன்சக்கர டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டுப் பழைய டிரம் பிரேக்கை மாட்டினார்கள். பழைய தோற்றத்துக்காகச் செய்த அது பின்னடைவுதான். 2001-இல் டிஸ்க் திரும்பி வந்தது.

புகை விதிகள் இறுகியதால் 2008-இல் உற்பத்தி நின்றது. அடுத்த ஆண்டின் கடைசியில் கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருள் இன்ஜெக்‌ஷனோடு வந்தபோதும், வண்டியின் உருவம் கலையவில்லை. அதைச் சாதித்ததே இவ்வண்டியின் ஆகச்சிறந்த பொறியியல் என்பது என் கணிப்பு. 2021-இல் ஜப்பானில் ‘ஃபைனல் எடிஷன்’ என்று கடைசிப் பதிப்பை விற்றார்கள். அதையும் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும்.