அலமாரியில் தூங்கும் விசிடிக்களைக் காப்பாற்றுங்கள்!

ராயக்கோட்டை, ஓசூர் பக்கம் பல வீடுகளின் அலமாரியில் இன்றும் ஒரு சிடி டப்பா இருக்கும். தமிழ்ப் படம், தெலுங்குப் படம், பெங்களூரிலிருந்து வந்த கன்னடப் படம், கூடவே வீட்டுக் கல்யாண சிடி என்று எல்லாம் அதில் கலந்து கிடக்கும். எந்த ஊரில் வாங்கினாலும் எந்த விசிடி பிளேயரிலும் ஓடும். டிவிடியில் வந்த ரீஜன் கோடு போன்ற பூட்டு எதுவும் விசிடியில் கிடையாது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் நீங்கள் அந்த டப்பாவை ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.

விசிடி என்பது என்ன?

பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜேவிசி நிறுவனங்கள் சேர்ந்து 1993-ல் உருவாக்கிய தர முறை இது. படம் எம்பெக்-1 முறையில் சுருக்கப்பட்டு, 352 x 288 புள்ளிகளில் பதிவாகும். ஒரு சிடியில் 74 நிமிடம்தான் பிடிக்கும். அதனால்தான் நம் படங்கள் இரண்டு, மூன்று சிடிக்களாக வந்தன. இந்த எளிமையே திருட்டு விசிடிக்கும் வழி செய்தது. 2004-ல் தமிழக அரசு வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்தின் கீழ் கொண்டு வந்தது.

டிவி தொடர்களுக்கும் இதில் இடம் உண்டு. 1990-களில் சன் டிவியில் வந்த 'மர்மதேசம்' நினைவிருக்கிறதா? இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய தொடர். அதில் 'விடாது கருப்பு' வந்த நாட்களில், கொலை செய்வது சாமியா, மனிதனா என்பதே பேச்சு. இப்படிப்பட்ட தொடர்களை விசிஆர் கேசட்டில் பிடித்து, பிற்பாடு விசிடியாக மாற்றி வைத்தவர்கள் உண்டு.

இன்று 'விடாது கருப்பு' யூடியூபிலேயே கிடைக்கிறது. எனவே அந்த சிடி போனாலும் கவலையில்லை. ஆனால் அதே டப்பாவில் உள்ள கல்யாண விசிடி? அதற்கு வேறு பிரதி எங்கும் கிடையாது.

படம் ஏன் கட்டம் கட்டமாக உடைகிறது?

சாதாரண டேட்டா சிடியில் கீறல் விழுந்தால் சரி செய்து படிக்க, ஒவ்வொரு பகுதியிலும் கூடுதல் தகவல் இருக்கும். விசிடியில் அதில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்திலும் படத்தையே வைத்தார்கள். 650 எம்பி சிடியில் சுமார் 740 எம்பி படம் அடங்குவது இதனால்தான். கீறல் விழுந்தால் உடனே கட்டங்கள் தெரிவதும் இதனால்தான். மேலும், ஸ்டுடியோவில் ரைட் செய்து கொடுத்த சிடிக்களில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் சூடும் அதைக் கெடுக்கும். தாமதிக்க வேண்டாம்.

காப்பி செய்வது எப்படி?

1. இப்போதைய லேப்டாப்களில் பெரும்பாலும் சிடி டிரைவ் இருப்பதில்லை. யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் போதும். அது விசிடியையும் படிக்கும்.

2. சிடியை மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள்.

3. சிடியைத் திறந்தால் MPEGAV என்ற ஃபோல்டர் தெரியும். அதனுள் AVSEQ01.DAT போன்ற பைல்கள் இருக்கும். அவற்றை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள்.

4. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரில் இந்த பைலை அப்படியே ஓட்டலாம்.

5. காப்பி பாதியில் நின்றால் சிடியை மறுபடி துடைத்து, வேறு ஒரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பதுண்டு.

வேறு ஃபார்மட்டுக்கு மாற்றினாலும் மூல பைலை அழிக்காதீர்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தரம் சற்றுக் குறையும். 32 ஜிபி பென் டிரைவில் சுமார் 40 விசிடிக்கள் அடங்கும். ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என இரண்டு பிரதிகள் வையுங்கள்.

பெரிய டிவியில் படம் மங்கலாகத் தெரிந்தால் திகைக்க வேண்டாம். ஃபுல் எச்டி திரையில் உள்ள புள்ளிகள் விசிடியைப் போல் 20 மடங்கு. கம்ப்யூட்டரில் சிறிய விண்டோவில் ஓட்டினால் தெளிவாக இருக்கும். பின்னணியில் ஸ்டுடியோக்காரர் போட்ட சினிமாப் பாட்டு பேச்சையெல்லாம் அமுக்கியிருக்கலாம். ஆனாலும் பந்தியில் பரிமாறிக்கொண்டு நடக்கும் தாத்தாவை அதில் மட்டும்தான் பார்க்க முடியும். வருகிற ஞாயிற்றுக்கிழமையே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.